போலிக் கதவடியில் காற்று

அத்தியாயம் பதினான்கு

ஐல்சா வெளிக்கதவைத் திறந்தபோது மாடியில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பேக்கரியில் வாங்கிய சூடான பன்களை மார்போடு அணைத்தபடி அவள் கொஞ்ச நேரம் நடையிலேயே நின்றாள். இந்த வீட்டில் ரம்பச் சத்தம் புதிதல்ல. அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பள்ளிக்கூடப் பாடம் படித்தாள். ஆனால் இன்று கேட்கக் கூடாது.

இன்று வியாழக்கிழமை. வீட்டை வாங்க நினைக்கிறவர்கள், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல், தங்கள் விலையை நண்பகலுக்குள் வக்கீல் மிஸ் லோரிமரிடம் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் அவர் உறைகளைப் பிரிப்பார். எடின்பரோவில் வீடு கைமாறுவது அப்படித்தான்.

"அப்பா?"

ரம்பம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

இருநூறு வருடத்துக்கு முன் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் கட்டிய இந்தக் கல்வீட்டை மர்டோ ரென்னியும் இஷ்பெல்லும் வாங்கியபோது கூரைக்குள் புறாக்கள் குடியிருந்தன. இருபத்தாறு வருடம் இருவரும் சேர்ந்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கூரையிலிருந்து உடைந்து விழுந்த சுண்ணாம்புப் பூவேலைகளை அச்செடுத்து வார்த்தார்கள். தூக்கித் திறக்கும் ஜன்னல்களைக் கழற்றி, கயிறு மாற்றி, திரும்பப் பூட்டினார்கள். விடுமுறைக்கு எங்கும் போனதில்லை. சாப்பாட்டு மேஜையில் பேச்செல்லாம் சுண்ணாம்பும் ஆணியும்தான்.

போன வசந்தத்தில் கடைசிக் கைப்பிடியையும் மெருகேற்றி முடித்தார்கள். அன்று மேஜையில் பேச ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கோடை வந்ததும் இஷ்பெல், உப்பைக் கேட்பது போல, "வித்துடலாம், மர்டோ" என்றாள்.

"சரி" என்றார் மர்டோ.

டன்பாரில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன வீட்டை இஷ்பெல் பார்த்து வைத்திருக்கிறாள். மாடி கிடையாது. ஜன்னல்களில் இரட்டைக் கண்ணாடி. இரண்டு படுக்கையறை. "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு வர்றவங்களுக்கு" என்று மகளிடம் சொன்னாள். வருகிறவர் யார் என்று ஐல்சா கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. டன்பார் வீட்டுக்காரருக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே விற்றால்தான் அங்கே வாங்க முடியும்.

ஐல்சா படியேறினாள்.

மாடிக் கூடத்தின் பின்சுவரில் இரண்டு கதவுகள். நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. வலப்பக்கக் கதவு படிக்கட்டுக்குத் திறக்கும். இடப்பக்கக் கதவு எங்கும் திறக்காது. ஒரு பக்கம் கதவு இருந்தால் மறுபக்கமும் இருந்தால்தான் அழகு என்று அந்தக் காலத்தில் வெறும் சுவரில் கதவை ஒட்டிவைப்பார்கள். இது அப்படி ஒரு போலிக் கதவு. அதன் பித்தளைக் குமிழைக்கூட அப்பா எங்கெங்கோ தேடி ஜோடி சேர்த்திருந்தார்.

இப்போது அந்தக் கதவு நிலையிலிருந்து கழற்றப்பட்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் காரைச் சுவர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளவு. அதன் முன்னால் அப்பா, புருவம் வரைக்கும் வெள்ளைப் பொடியாக, கையில் ரம்பத்தோடு.

"என்ன பண்றீங்க?"

"கதவைத் திறக்கறேன்."

"அது கதவே இல்லையேப்பா."

"அப்படித்தான் நானும் சொல்லிட்டிருந்தேன்."

அவள் விரிப்பு போர்த்திய சோபாவில் உட்கார்ந்தாள். பன்கள் மடியில் ஆறிக்கொண்டிருந்தன.

"நகராட்சி அனுமதி?"

"வாங்கல."

இதைச் சொன்னவர் தெருவின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கச் செயலாளர். இந்தத் தெருவில் எல்லாமே பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஒரு சுவரைத் தொடுவதற்கும் எழுதிக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கின்னியர் ஒருமுறை குளிர் தாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டபோது புகார் எழுதியது அப்பாதான். கின்னியர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மர ஜன்னல் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வானிலை பற்றிக்கூடப் பேச்சு இல்லை.

ஐல்சா லீத் துறைமுகப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இருட்டறையில் முன்பின் தெரியாதவரின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பது அவளுக்குச் சுலபம். வெளிச்சத்தில், சொந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் வராது. அதனால் அவள் சுவர்க் கண்ணாடியில் தெரிந்த அவர் பிம்பத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"விக்கறதைக் கெடுக்கத்தான் இதா?"

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கேள்வி நியாயமானது என்பது போல யோசித்தார்.

"பாம்பு" என்றார். "அந்தப் பாம்புதான்."

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு வழக்கம்போல வீட்டுக்காரர்களே சுற்றிக் காட்டினார்கள். அப்பா முன்னால் போனார். "ஜன்னலை மாத்த விடமாட்டாங்க. ஜனவரியில கோட்டோடதான் படுக்கணும். தண்ணிக் குழாய் அழும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல வந்தவர்களுக்கு வீட்டை இன்னும் பிடித்துப்போனது. அம்மா பின்னால் பிஸ்கட் தட்டோடு வந்தாள்.

பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி போலிக் கதவின் முன்னால் நின்றார். கதவின் காலடியில் ஒரு துணிப்பாம்பு கிடந்தது. சாக்ஸ் போல நீளமாகத் தைத்து, அரிசி அடைத்து, பொத்தானில் கண் வைத்தது. கதவிடுக்கில் காற்று வராமல் தடுக்க எல்லா வீட்டிலும் கிடக்கும் பாம்புதான். அம்மா பல வருடம் முன்பு தைத்துப் போட்டது.

"இது போலிக் கதவுன்னு சொன்னீங்களே" என்றார் அந்தப் பெண்மணி. "திறக்காத கதவுக்கு எதுக்குப் பாம்பு?"

அப்பா குனிந்து பாம்பைப் பார்த்தார்.

"அவரைக் கேளுங்க" என்றாள் அம்மா. "நானும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"செவ்வாய்க்கிழமை அந்தப் பாம்பை எடுத்துட்டு ஒரு மெழுகுவத்தியை அங்க வெச்சுப் பார்த்தேன்" என்றார் அப்பா இப்போது. "சுடர் இந்தப் பக்கம் சாயுது. சுவருக்குள்ளேர்ந்து காத்து வருது, ஐல்சா. கெட்டியான சுவர்னா காத்து வராது."

"அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கா. கதவோரத்து நாற்காலியில உக்காந்தா கணுக்கால் ஜில்லுங்குதுன்னு."

"தெரியும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜன்னல் காத்துதான் சுத்தி அடிக்குதுன்னு சொன்னேன். படம் வரைஞ்சுகூடக் காட்டினேன். அம்புக்குறி எல்லாம் போட்டு."

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் சின்ன அறை. அவளுடைய கெட்டில், வானொலி, தையல் மெஷின் எல்லாம் அங்கேதான். அந்த வீட்டிலேயே சூடாக இருக்கும் ஒரே அறை. அங்கே தேநீர் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், தட்டோடு படிக்கட்டுக் குளிருக்கு வெளியே வந்து, சுற்றிக்கொண்டு, வலப்பக்கக் கதவைத் தோளால் தள்ளி வர வேண்டும். வீடு வாங்கிய முதல் வருடமே அம்மா கேட்டாள், அந்தப் போலிக் கதவை நிஜக் கதவாக்கினால் என்ன என்று. கட்டியவர்கள் போலியாகத்தான் வைத்தார்கள், அது அப்படியே இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை. பாம்பைத் தைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா, இது?"

"டன்பாருக்குப் போயிருக்கா. திரைச்சீலைக்கு அளவெடுக்க. பன்னிரண்டுக்குள்ள வந்துடுவேன்னா."

"அதுக்குள்ள மூடிட முடியுமா?"

அப்பா அவளைப் பார்த்தார். "எதை?"

அழைப்புமணி அடித்தது.

வாசலில் கின்னியர் நின்றார். உயரமான, ஒல்லியான மனிதர். கம்பளி அரைக்கோட்டு, கக்கத்தில் செய்தித்தாள். அவர் இந்த வாசல்படியில் ஏறி எத்தனையோ வருடமாகிறது.

"காலை வணக்கம், மிஸ் ரென்னி. ரம்பச் சத்தம் மாதிரி கேட்டுது."

"அப்பா... கொஞ்சம் வேலை."

"விக்கிற வீட்ல வேலை."

"ஆமா."

"அனுமதியோடதானே?"

ஐல்சாவுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையும் வரவில்லை. அவள் தலைமுடியிலிருந்து ஒரு துளி காரை உதிர்ந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உங்கப்பா என்னைப் பத்தி எழுதின புகார்க் கடிதத்தோட நகலைச் சட்டம் போட்டுக் கழிப்பறையில மாட்டியிருக்கேன்" என்றார் கின்னியர் மரியாதையாக. "தினமும் படிக்கறேன். நல்ல நடை. அரைப்புள்ளியெல்லாம் சரியான இடத்துல வெச்சிருக்கார்."

அவர் போகவில்லை. கழுத்தை நீட்டி, அவளைத் தாண்டி, படிக்கட்டுக்கு மேலே கூரையில் கவிழ்த்த கிண்ணம் போல இருந்த கண்ணாடிக் கவிகையைப் பார்த்தார். மேகம் விலகி வெளிச்சம் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்லயும் இது ஒரு காலத்துல இருந்துது. எனக்கு முன்னாடி இருந்தவன் இடிச்சுட்டு ஓடு போட்டு மூடிட்டான். என் மனைவிக்கு உங்களோடதை ஒரு தடவை உள்ள வந்து பார்க்கணும்னு ஆசை. அப்புறம் ஜன்னல் தகராறு வந்துது. அப்புறம் அவளும் போயிட்டா."

ஐல்சா கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். அவர் உள்ளே வரவில்லை.

"பன்னிரண்டு மணிக்குத்தானே?"

"ஆமா."

"நல்லது" என்று படியிறங்கினார்.

அவள் திரும்ப மேலே ஓடியபோது சத்தம் நின்றிருந்தது. அப்பா காரையை முழுக்கப் பெயர்த்து, அதைத் தாங்கியிருந்த ரீப்பர் கட்டைகளையும் அறுத்து எடுத்துவிட்டார். உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இருட்டு. அப்பா அதற்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"யாரு?"

"கின்னியர்."

"ஓ" என்றார். அந்தப் பெயருக்கு இவ்வளவு சாதாரணமாக அவர் பதில் சொன்னதில்லை. "இங்க வா. கைவிளக்கைப் பிடி."

அவள் குனிந்தாள். விளக்கொளியில் முதலில் தூசிதான் தெரிந்தது. அப்பா உள்ளங்கையால் அதைத் துடைத்தார். அடியில் ஒரு மரப்படி. கருவாலி மரம். இரண்டு ஓரமும் உயர்ந்து, நடுவில் மட்டும் கரண்டி போலக் குழிந்திருந்தது.

பக்கவாட்டு நிலையில் கீல் உட்கார வெட்டிய பள்ளங்கள் இருந்தன. பழைய பள்ளங்கள்.

ஐல்சாவுக்குக் கட்டடக்கலை தெரியாது. ஆனால் தேய்மானம் தெரியும். ஒரு பொருள் நடுவில் மட்டும் தேய்வதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"இதுல நடந்திருக்காங்க" என்றாள்.

"நடந்திருக்காங்க. நிறையப் பேர். நிறைய வருஷம்." அப்பா குழிவில் கையை வைத்தபடியே இருந்தார். "இது நிஜக் கதவு, ஐல்சா. கட்டினவன் நிஜக் கதவாத்தான் வெச்சிருக்கான். அப்புறம் வந்த எவனோ அடைச்சுட்டு, அழகுக்குக் கதவை மட்டும் இந்தப் பக்கம் விட்டுட்டான். நான் வந்தேன். அடைச்சவன் செஞ்சதைக் கட்டினவன் செஞ்சதுன்னு நம்பினேன். நம்பி, ஒரு பிசகும் இல்லாம அதைப் புதுப்பிச்சேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பொடி தொண்டையில் ஏறி இருமல்தான் வந்தது.

"அவ கேட்டப்பவே ஒரே ஒரு ரீப்பரைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். என் கொள்கைப்படியே இதைத் திறந்திருக்கணும்."

ஐல்சா விளக்கை அணைத்தாள். அவளுக்கு டன்பார் ஞாபகம் வந்தது. அம்மா இந்நேரம் அங்கே ஜன்னல்களுக்கு நாடா பிடித்துக்கொண்டிருப்பாள். இன்று மாலை அந்த வீட்டுக்காரருக்கு அவள் சொல்ல நினைத்திருக்கும் பதில், இங்கே தரையில் கிடக்கும் இந்தக் காரைக் குவியலைப் பொறுத்தது.

அவள் சமையலறைக்கு இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, மிஸ் லோரிமருக்குப் போன் செய்தாள். பேச வேண்டியதை முதலில் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்படியும் பாதியில் குரல் உள்ளே போய்விட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் லோரிமர். "யாரு சுவரை உடைச்சது?"

"அப்பா."

"மர்டோ ரென்னியா? அனுமதி இல்லாமலா?"

"ஆமா."

"இருங்க, நான் உக்காந்துக்கறேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சரி. கேளுங்க. இப்ப நிறுத்த முடியாது. உறைங்க வந்துட்டே இருக்கு. பன்னிரண்டுக்கு நான் பிரிச்சுத்தான் ஆகணும். ஆனா நீங்க யாருக்குக் கொடுக்கறதா இருந்தாலும் அவங்ககிட்ட இதை மறைக்காம சொல்லணும். சிலர் பின்வாங்கிடுவாங்க. சிலர் விலையைக் குறைப்பாங்க. நகராட்சி என்ன சொல்லும்னு தெரியறவரைக்கும் சிலர் காத்திருக்கச் சொல்லுவாங்க."

"அம்மாவால காத்திருக்க முடியாது."

"தெரியும். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அதை முதல்ல பாருங்க. நான் அப்புறமா கூப்பிடறேன்."

வெளிக்கதவு திறந்து மூடியது. ஐல்சா நடைக்கு வருவதற்குள் அம்மா மாடி ஏறிவிட்டாள். ஓய்வுபெற்ற மருத்துவச்சி. அறுபத்தெட்டு வயதிலும் பிரசவ அழைப்புக்குப் போவது போலத்தான் படியேறுவாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

"டீ போட்டுட்டு வர்றேன். பஸ்ல கால் மரத்துப்போச்சு." அவள் கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. எப்போதும் போல நேராகத் தன் சின்ன அறைக்குள் போனாள். ஐல்சா பின்னாலேயே ஓடி வாசலில் நின்றாள்.

அந்த அறையில் மட்டும் எதுவும் அந்தக் காலத்துச் சாமான் இல்லை. சுவரில் மஞ்சள் குருவிகள் போட்ட காகிதம். இந்த வீட்டுக்கு வந்தபின் கிடைத்த முதல் சம்பள உயர்வில் அம்மா வாங்கி, அப்பாவைக் கேட்காமல் தானே ஒட்டியது. கெட்டில் முனகத் தொடங்கியது. அம்மா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இஷ்பெல்" என்றது சுவர்.

அம்மா திரும்பினாள். மகளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"மர்டோ? எங்க இருக்க?"

"சுவருக்குள்ள."

"அங்க என்ன பண்ற?"

"நின்னுட்டிருக்கேன்."

அம்மா கெட்டிலை அணைத்தாள். பிரசவ அறையில் யாராவது கத்தினால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போதும் தாழ்த்திக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமா?"

"கொஞ்ச நேரமா. உன் பக்கத்துல பலகைதான் அடிச்சிருந்தாங்க. ஆணியைப் பிடுங்கி எடுத்துட்டேன். இப்ப நடுவுல கோணித்துணியும் உன் பேப்பரும் மட்டும்தான் இருக்கு." சுவர் தொண்டையைக் கனைத்தது. "அது உன்னோட பேப்பர். அதைக் கிழிக்க எனக்கு அனுமதி வேணும்."

அம்மா காலண்டர் மாட்டியிருந்த இடத்துக்குப் போய், காலண்டரை எடுத்துவிட்டு, விரல் மடக்கித் தட்டினாள்.

"இந்த ஆணியை அடிச்சப்பவே சொன்னேன். உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி பொள்ளுன்னு கேக்குதுன்னு."

"சொன்ன."

"எலியா இருக்கும்னு சொன்ன நீ."

"சொன்னேன்."

"எலி பொள்ளுன்னு கேக்குமா, மர்டோ?"

"கேக்காது."

அம்மா தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து பெரிய கத்திரிக்கோலை எடுத்தாள். அனுமதி கொடுத்தேன் என்று சொல்லவில்லை. குருவிகளுக்கு நடுவில் முனையைக் குத்தி, மேலிருந்து கீழாக, துணி வெட்டுவது போல நேராக வெட்டினாள். அடியில் குறுக்காக ஒரு வெட்டு. காகிதமும் கோணியும் ஒரு பக்கமாக மடிந்து விழுந்தன.

அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. அவருக்குப் பின்னால் கூடத்தின் பெரிய ஜன்னல்கள் தெரிந்தன. அந்த அறைக்குள் இதுவரை வராத வெளிச்சம் வந்தது.

"கீழ பாரு" என்றார் அப்பா.

அம்மா பார்த்தாள். குழிந்த மரப்படியைப் பார்த்தாள். கீல் பள்ளங்களைப் பார்த்தாள். அவளும் அந்த வீட்டில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நிஜக் கதவு" என்றாள்.

"நிஜக் கதவு. நீ சொன்னது சரி."

"நான் இது நிஜக் கதவுன்னு சொல்லலையே. இங்க ஒரு கதவு இருந்தா நல்லாயிருக்கும்னுதான் சொன்னேன்."

"அதுவும் சரி."

அம்மா கத்திரிக்கோலை மேஜையில் வைத்தாள். திரும்பி, கெட்டிலை மறுபடி போட்டாள். மூன்று கோப்பைகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். கூடத்துச் சோபாவில் கிடந்த பன்களைப் பார்த்து வெண்ணெயும் ஆரஞ்சு மார்மலேடும் தேடினாள். அப்பா அசையாமல் நின்றார். படியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

"மணி பன்னிரண்டாகப் போகுது" என்றாள் அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு. "இன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சுதானே இதை உடைச்ச?"

"தெரிஞ்சுதான்."

"இதைத் திறந்துட்டா நான் இங்கேயே இருந்துடுவேன்னு நினைச்சியா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

அப்பா பதிலை உளியால் செதுக்குவது போல மெதுவாகச் சொன்னார். "நீ வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி சொல்லணும்னு தோணுச்சு. உன் கணுக்கால் சொன்னது நிஜம்னு. போனப்புறம் சொன்னா அது கடிதமாத்தான் இருக்கும். எனக்குக் கடிதம் எழுத நல்லா வரும். அதனாலதான் வேண்டாம்னு."

அம்மா வெந்நீரை ஊற்றினாள். தட்டைத் தூக்கினாள். பழக்கத்தில் அவள் கால் படிக்கட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தது. பிறகு நின்றது. திரும்பினாள்.

அப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

அம்மா தட்டோடு அந்தக் குழிந்த படியில் கால் வைத்து, கூடத்துக்குள் போனாள். இரண்டே எட்டு. கோப்பைகள் குலுங்கவேயில்லை. தட்டைச் சின்ன மேஜையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஜில்லுனுதான் இருக்கு" என்றாள்.

"கதவு போட்டாச் சரியாயிடும். நகராட்சிக்கு இன்னிக்கே எழுதறேன். என் மேல நானே புகார் கொடுக்கணும்."

"அரைப்புள்ளியெல்லாம் பார்த்து வைங்க" என்றாள் ஐல்சா. தான் சொன்னது வெளியே கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்குக் காது சிவந்தது. அவர்கள் இருவருக்கும் அது புரியவில்லை.

மூவரும் தேநீர் குடித்தார்கள். ஆறிய பன்னுக்கு அப்பா வெண்ணெய் தடவினார். அவர் விரல் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு. அம்மா அதைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

"விக்கத்தான் போறேன், மர்டோ."

"தெரியும். விக்கலாம்."

"வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லணும். விலை இறங்கும்."

"என் பங்கிலேர்ந்து கழிச்சுக்கோ."

அம்மா கோப்பைக்குள் பார்த்தாள். "அங்க சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு."

"டன்பார்லயா?"

"தட்டைத் தூக்கிட்டுச் சுத்தித்தான் வரணும். இன்னிக்குத்தான் கவனிச்சேன்."

அப்பா பன்னைக் கீழே வைத்தார். "செங்கல்லா, பலகையா?"

"தட்டிப் பார்த்தேன். பொள்ளுன்னு கேட்டுது."

"எப்ப கட்டின வீடு?"

"நான் நர்சிங் படிச்சப்போ."

"அப்ப பாதுகாப்புப் பட்டியல்ல இருக்காது." அவர் யோசித்தார். கண் தானாகவே எதிர்ச்சுவரை அளந்தது. "யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல."

"என்கிட்ட கேக்கணும்" என்றாள் அம்மா.

ஐல்சா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதையோ கலைத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அப்பா கேட்க வாயெடுத்தார். அப்போது கீழே நடையில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஐல்சாவின் போன் மணி அடித்தது.

"நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?" என்றார் லோரிமர்.

"உக்காந்திருக்கேன்."

"நல்லது. வந்ததுலேயே பெரிய விலை ஒண்ணு இருக்கு. நாம நினைச்சதைவிட ரொம்ப மேல. ஒரு நிபந்தனையும் இல்ல. சுவர் விஷயத்தைச் சொல்லிடலாம்னு அவரோட வக்கீலைக் கூப்பிட்டேன். தெரியுமாம்."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுதாம். ஆனா ஒண்ணு, முடிவு சொல்றதுக்கு முன்னாடி உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். அது நிபந்தனை இல்ல, வேண்டுகோள்னு சொல்லச் சொன்னாராம்."

ஐல்சாவின் கண்முன் ஒல்லியான கழுத்து ஒன்று நீண்டு கண்ணாடிக் கவிகையைப் பார்த்தது. அவள் போனை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"யாரு வாங்கறது?" என்றாள் அம்மா.

"கின்னியர்."

அப்பாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் கண் பக்கத்து வீட்டுப் பக்கச் சுவருக்குப் போய், உடைந்த காரைக் குவியலுக்கு வந்து, மறுபடி அந்தச் சுவருக்கே போனது.

"நான் ஒரு கடிதம் எழுதி..." என்று ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தாள். தரையிலிருந்து துணிப்பாம்பை எடுத்துத் தூசி தட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கடிதம் வேண்டாம்" என்றாள். "முகத்தைக் கழுவிட்டு நேர்ல போ."